அனுமதியில்லாத நீலப் பூ

பாரிஸ், மார்க்ஸ் டோர்முவா
2 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய மதாம் சிவமணி அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் பெயரையே மளிகைக்கடை மகாலிங்கம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்திருக்கிறேன். நேரில் சொல்ல வேண்டிய விஷயம் இது. சொல்லத்தான் காலையில் வந்தேன். வாய் வரவில்லை.

இன்று கல்லறைத் திருநாள். பூசை முடிந்து லா சப்பல் மெத்ரோ பாலத்தடிக்கு வந்தபோது ஒரே பனிமூட்டம். பாலத்தின் தூண்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. அதற்குள் நீங்கள் நின்றிருந்தீர்கள். கழுத்தில் மாட்டிய தட்டு நிறைய நீலத் துணிப்பூக்கள். எதிரே சிலர் வரிசையாக. ஒவ்வொருவரும் குனிந்து உங்கள் காதருகே எதையோ சொல்ல, நீங்கள் தலையசைத்துவிட்டு அவர்கள் சட்டையில் பூவைக் குத்தினீர்கள். கோவிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற இடத்தில் இருக்கும் அமைதி அது. மேலே ரயில் போயிருக்க வேண்டும். என் காதில் விழவில்லை.

இனி என் வேலையைச் சொல்கிறேன். என் பெயர் லூசியன். புதுச்சேரிக்காரன், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். போரில் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவுகிற சங்கம் ஒன்றில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாளி. நவம்பர் பதினொன்றை ஒட்டி, பிளுவே என்ற நீலப் பூவைத் தெருவில் கொடுத்து நிதி திரட்டுகிறோம். அதற்கு அரசாங்க அனுமதி உண்டு. எங்கள் ஆட்களிடம் கார்த் என்கிற படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்கும், முத்திரை வைத்த உண்டியல் இருக்கும். இவை இல்லாமல் தெருவில் பூ விற்பது சட்டப்படி குற்றம். அப்படி விற்பவர்களைத் தடுப்பது என் பொறுப்பு.

ஏன் இத்தனை கறார் என்று கேட்பீர்கள். எங்கள் கபிரியேல் அல்ஜீரியப் போரில் ஒரு காலை இழந்தவர். போன வருஷம் யாரோ ரயில் நிலையத்தில் போலிப் பூ விற்று ஓடியிருக்கிறான். அவனிடம் ஏமாந்த ஒரு பெண் மறுநாள் கபிரியேலைப் பார்த்து, எல்லார் முன்னாலும், திருடன் என்று சொல்லிவிட்டாள். அவர் உண்டியலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். இந்த வருஷம் அவர் வரவில்லை.

தயவுசெய்து இனி பாலத்தடியில் நிற்க வேண்டாம்.

மரியாதையுடன்,
லூசியன்

~

சார்செல்
4.11.2024

லூசியன் ஐயாவுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சுது. தமிழில எனக்கெண்டு ஒரு கடிதம் வந்து எவ்வளவு காலம்! மகாலிங்கம் அண்ணை தந்தவுடன உடைக்க மனம் வரேல்லை. றெயினில மடியில வைச்சுக்கொண்டே வந்தனான். வீட்டை வந்து உடைச்சுப் பார்த்தா, என்னைக் கள்ளரோட சேர்த்து எழுதியிருக்கிறியள்.

கபிரியேல் ஐயாவுக்கு நடந்தது பாவம். ஆனால் அதை நான் செய்யேல்லை.

போன வருசம் இதே நாளுகளில, மார்க்கடே சந்தியில ஊன்றுகோலோட நிண்ட ஒரு வயசான வெள்ளைக்காரர் எனக்கு ஒரு நீலப் பூ குத்திவிட்டவர். உவர்தானோ அவர், தெரியாது. ஆருக்கு இந்தப் பூ எண்டு எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில கேட்டன். வீடு திரும்பாத ஆக்களுக்கு எண்டார். அவ்வளவுதான் சொன்னவர்.

அண்டைக்கு ஒரு கனவு கண்டன். முல்லைத்தீவுக் கடற்கரை முழுக்க நீலப் பூ. மணலே தெரியேல்லை. செருப்பைக் கையில எடுத்துக்கொண்டு ஒண்டையும் மிதிக்காமல் நடக்கப் பார்க்கிறன், கால் வைக்க இடமில்லை. முழிச்ச பிறகும் கன நேரம் காலை நிலத்தில வைக்காமல் கட்டிலில இருந்தனான்.

நான் ஒபர்வில்லியேயில ஒரு தையல் பட்டறையில வேலை. அங்க வேலைக்காரரின்ர நீல உடுப்புத் தைச்சு மிஞ்சுற துண்டுகளை முதலாளி எறியிறவர். கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில பூவாக்கினன். சனிக்கிழமைகளில கொண்டுவந்து நிண்டன். பிளுவே எண்டோ உங்கட சங்கத்தின்ர பூ எண்டோ நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. ஆருக்கு எண்டு மட்டும் கேட்பன். அவை பேரைச் சொல்லுவினம்.

ஒரு அல்ஜீரிய முதியவர் தமையன்ர பேரைச் சொல்லுவார். கிழமைக்குக் கிழமை வந்து அதே பேரைச் சொல்லுவார். ஒரு ஆப்கான்காரன் பேர் சொல்லேல்லை, கையை இடுப்பளவுக்குப் பிடிச்சு உயரத்தைக் காட்டினான். எங்கட சனம் சுத்திவரப் பார்த்திட்டுத்தான் சொல்லும். சொல்லிப்போட்டு, இஞ்ச சொல்லலாம்தானே எண்டு என்னையே கேக்கும்.

தட்டில விழுற சில்லறை, காணாமல் போன பிள்ளையளின்ர படத்தை வைச்சுக்கொண்டு ஊரில றோட்டோரம் இருக்கிற தாய்மாருக்குப் போகுது. உங்கட உண்டியலில ஒரு சதம் குறைஞ்சிருக்காது.

எங்கட ஆக்களுக்குப் பூ குத்த எந்தக் கந்தோரில அனுமதி கேக்கிறது, ஐயா? அதைச் சொல்லுங்கோ, போய்க் கேக்கிறன். அதுவரைக்கும் நான் நிப்பன்.

சிவமணி

~

பாரிஸ்
6 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய சிவமணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறை ஜன்னலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறிப்போனது.

கள்ளர் என்று நான் எழுதவில்லை. ஆனால் அப்படிப் படும்படி எழுதிவிட்டேன் என்பது புரிகிறது. மன்னிக்க வேண்டும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். நான் சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா இந்தோசீனாப் போருக்குக் கப்பலேறியபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். அவர் திரும்பவில்லை. ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு செய்தி சொன்னாராம். மறுநாள் கோவிலில் மணியடித்துப் பூசை வைத்தார்கள். உடல் வரவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் சில சமயம் மெத்ரோவில் எதிர் நடைமேடையில் அவர் நிற்பது போல் இருக்கும். படத்தில் இருக்கிற அதே இளவயது. இப்போது என் கடைசி மகனைவிட அவருக்கு வயது குறைவு. நான் கையைத் தூக்குவதற்குள் நடுவில் ரயில் வந்துவிடும்.

ஆகவே, நீங்கள் செய்வது எனக்குப் புரியாமல் இல்லை.

ஒரு யோசனை. எங்கள் சங்கத்தில் சேருங்கள். உங்களுக்குக் கார்த் வாங்கித் தருகிறேன். பாலத்தடியிலேயே நிற்கலாம். எங்கள் பூவைத்தான் கொடுக்க வேண்டும், நிதி சங்கத்துக்குத்தான் வர வேண்டும். அந்த இரண்டையும் என்னால் மாற்ற முடியாது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. நாளை எங்கள் கூட்டம். உங்களை வேறு சிலரும் பார்த்திருக்கிறார்கள். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தச் சனிக்கிழமை மட்டுமாவது வராதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

லூசியன்

~

சார்செல்
10.11.2024

லூசியன் ஐயா,

நேற்று நீங்கள் எதிர்ப்பக்கம், பேப்பர் கடை வாசலில நிண்டீங்கள். சாம்பல் கோட்டு, மகாலிங்கம் அண்ணை சொன்ன அதே அடையாளம். நான் கண்டனான்.

ரெண்டு சீருடைக்காரர் வந்தவை. பெரிய சத்தம் ஒண்டும் போடேல்லை, மரியாதையாத்தான் கதைச்சவை. அனுமதி கேட்டவை. இல்லை எண்டன். தட்டை என்ர கழுத்தாலயே கழட்டினவை. பூவெல்லாத்தையும் ஒரு கறுத்தப் பையுக்க கொட்டிக் கட்டினவை. வரிசையில நிண்ட ஆக்களைக் கலைஞ்சு போகச் சொன்னவை. அந்த அல்ஜீரிய ஐயா மட்டும் போகாமல் நிண்டு கத்தினார், அவரையும் தள்ளிக்கொண்டு போனவை. பிறகு என்ர கார்த்தை வாங்கி, என்ர பேரை எழுதினவை. தண்டம் வருமாம்.

தண்டம் கட்டலாம். பூ திரும்பத் தைக்கலாம். பேரை எழுதினதுதான் எனக்கு ஏலாமல் போட்டுது.

உங்களுக்கு விளங்காது, சொல்லுறன். என்ர மனிசன்ர பேர் தவரத்தினம். சண்டையின்ர கடைசி நாளுகளில சனத்தோட சனமா நடந்து வெளியில வந்தனாங்கள். என்ர கையில ரெண்டு வயசுப் பிள்ளை. ஒரு மேசையைப் போட்டு ஆமிக்காரர் சிலர் இருந்தவை. அவரின்ர பேரைக் கேட்டு எழுதினவை. விசாரிச்சிட்டு விடுவம் எண்டு ஒரு பஸ்ஸில ஏத்தினவை. அவர் யன்னலால கையைக் காட்டி, நீ முன்னால போ எண்டார். நான் முன்னால போனன். இண்டைவரைக்கும் முன்னாலதான் போய்க்கொண்டிருக்கிறன்.

உங்கட அப்பாவுக்குத் தொப்பி கழட்டிக்கொண்டு ஒருத்தர் வந்தார். எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை. செத்தார் எண்டும் சொல்லேல்லை, இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை. அதாலதான் நான் ஊருக்கெல்லாம் பூ குத்தினாலும் எனக்கு ஒண்டும் குத்திக்கொண்டதில்லை. குத்தினால் நானே அவரை முடிச்ச மாதிரி.

தை மாதம், இஞ்ச இருக்கிறதுக்கான என்ர கார்த் புதுப்பிக்க வேணும். இப்ப இந்தத் தண்டத்தைக் கண்டிட்டு என்ன சொல்லுவினமோ. மகள் படிக்கிறாள்.

இனி எனக்கு எழுதவேண்டாம்.

சிவமணி

~

பாரிஸ்
12 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய சிவமணி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை ஒரு தடவை படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

ஆமாம், நின்றேன். கூட்டத்தில் கேட்டார்கள், இடத்தைச் சொன்னேன். தலைவர் உடனே பொலிசுக்குத் தெரிவித்துவிட்டார். சனிக்கிழமை உங்களைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று விடிந்ததும் வந்தேன். நீங்கள் எனக்கு முன்னால் வந்துவிட்டீர்கள். வரிசையும் சேர்ந்துவிட்டது. அதற்குள் நுழைந்து "கிளம்புங்கள்" என்று சொல்லாமல் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். தெருவைக் கடந்திருக்க வேண்டும். கடக்கவில்லை.

நேற்று நவம்பர் பதினொன்று. கார்த்தை மாட்டிக்கொண்டு, உண்டியலோடு நீங்கள் நிற்கிற அதே இடத்தில் நான் நின்றேன். நடந்ததைக் கேளுங்கள்.

ஒரு பெண்மணி நேராக வந்தார். காசு போடவில்லை. "இங்கே நிற்கிற அம்மா எங்கே?" என்றார். தெரியாது என்றேன். அவர் "பரவாயில்லை, நீங்கள் கேளுங்கள்" என்று ஒரு பெயரைச் சொன்னார். உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பெயர். நான் திகைத்துப்போய்ப் பூவை நீட்டினேன். வாங்காமல் போய்விட்டார். பிறகு இன்னொருவர். பிறகு ஒரு கணவன் மனைவி. என் உண்டியலை யாரும் பார்க்கவே இல்லை. பனி இறங்கிக்கொண்டே இருந்தது, அதற்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு பெயரை என்னிடம் வைத்துவிட்டு, மறுபடி அதற்குள்ளேயே போனார்கள். அந்த அல்ஜீரியரும் வந்தார். என் கார்த்தைப் பார்த்தார். கபிரியேலும் இவருடைய தமையனும் ஒரே போரில் எதிரெதிரே நின்றிருப்பார்கள். முறைத்தார். கடைசியில் அவரும் சொன்னார்: "ஷெரீஃப்." நான் தொப்பியைக் கழற்றினேன். என்னை அறியாமலேதான் கழற்றினேன்.

இத்தனை வருஷம் பூ கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை.

இன்று பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். நீங்கள் எங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தண்டம் தண்டம்தான், அது போகாது. ஆனால் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், வேலை செய்கிற என் அக்காள் மகள் ஜிஸ்லேன் விசாரித்துச் சொன்னாள், இந்த மாதிரிச் சின்னத் தண்டத்துக்காகக் கார்த்தை நிறுத்த மாட்டார்களாம். வேண்டுமானால் தை மாதம் அவளே உங்களோடு வருவாள்.

லூசியன்

~

பாரிஸ்
22 நவம்பர் 2024

சிவமணி அவர்களுக்கு,

போன கடிதம் இன்னும் கடையில், ஊதுபத்திப் பெட்டிகளுக்கு மேல் அப்படியே இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கமே வருவதில்லை என்கிறார் மகாலிங்கம். உங்கள் பட்டறைக்கே ஆள்மூலம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று பனி கொட்டியது. பாலத்தின்மேல் ரயில் போகும்போது பனி பொடிப்பொடியாகக் கீழே உதிர்ந்தது. நீங்கள் நிற்கிற இடத்தில் யாரும் கால் வைக்காமல் வெள்ளையாகவே கிடந்தது. சொல்லத் தோன்றியது.

லூசியன்

~

சார்செல்
1.12.2024

லூசியன் அண்ணைக்கு,

அண்ணை எண்டு எழுதினதுக்குக் குறை நினைக்காதேங்கோ. ஐயா எண்டு எழுதக் கை வரேல்லை.

ரெண்டு கடிதமும் ஒண்டாக் கிடைச்சுது. முதல் கடிதத்தைக் கிழிக்கேல்லை. ஷெரீஃபுக்கு நீங்கள் தொப்பி கழட்டின இடத்தை நாலைஞ்சு தரம் படிச்சனான். உங்களில இருந்த கோபம் முழுக்கப் போகேல்லை. ஆனால் எழுத வேணும் போல கிடக்குது, ஏனெண்டால் இதைச் சொல்ல எனக்கு வேற ஆள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வரிசையில என்ர மகளும் நிண்டிருக்கிறாள்.

எனக்குத் தெரியாது. அவள் லிசேயில, பள்ளிக்கூடத்தின்ர கடைசி வருசம், சனிக்கிழமையில நூலகத்துக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறவள். அண்டைக்குக் கடைசி ஆளா, தலையில குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு நிண்டவளாம். எனக்கு முன்னால வந்து, மற்ற ஆக்கள் மாதிரிக் குனிஞ்சு, அப்பாவின்ர பேரைச் சொல்லப் போறன் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டவளாம். வீட்டில கேக்க ஏலாத பேரைத் தெருவில கேக்கலாம் எண்டு. அதுக்குள்ள சீருடைக்காரர் வந்திட்டினம். தள்ளிக்கொண்டு போன சனத்தோட அவளும் போட்டாள்.

ரெண்டு கிழமையா ஒண்டும் சொல்லேல்லை. போன ஞாயிறு சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு, பிரெஞ்சில சொன்னாள், அம்மா, அப்பா செத்துப்போனார். எனக்கு விளங்காத மாதிரி இருந்தன். திரும்பவும் சொன்னாள். தமிழில சொல்லு எண்டன். தமிழில எனக்குச் சொல்ல வராது எண்டாள்.

நான் எழும்பி ஏசினன். நீ ஆர் சொல்லுறதுக்கு, நீ கண்டனியோ எண்டு கேட்டன். அவள் அழேல்லை. எனக்கு ஒரு பூ வேணும், நீங்கள் எல்லாருக்கும் குடுக்கிறீங்கள், எனக்குத் தாங்கோ எண்டாள்.

அண்ணை, துணி இருக்குது. நூல் இருக்குது. அவளுக்கெண்டு ஒரு பூ தைக்க எனக்கு விரல் ஓடேல்லை. ஊசியைக் கோர்த்து வைச்சிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறன். நான் தைச்சால் அவள் சொன்னது சரி எண்டாகிடும். தைக்காட்டி அவள் எனக்கில்லாமல் போடுவாள் போல கிடக்குது.

நீங்கள் குத்திவிடுவியளோ? உங்கட சங்கத்துப் பூ. அனுமதி இருக்கிற பூ. நான் பக்கத்தில நிப்பன். அவ்வளவுதான் எனக்கு ஏலும்.

சிவமணி

~

பாரிஸ்
4 டிசம்பர் 2024

அன்புத் தங்கை சிவமணிக்கு,

அண்ணை என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் நான்தான் கடைசி. நன்றாக இருக்கிறது.

நவம்பர் பதினொன்று கடந்துவிட்டால் நாங்களும் தெருவில் நிதி திரட்டக்கூடாது. உண்டியல்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பூப்பெட்டியும் போய்விட்டது. என் கோட்டில் குத்தியிருந்ததும் பையில் கிடந்ததுமாக இரண்டுதான் மீதி. காசு வாங்காமல் ஒரு பூவைக் கொடுப்பதற்கு அனுமதி வேண்டுமா என்று ஜிஸ்லேனைக் கேட்டேன். "மாமா, போய்க் குத்திவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மகளுக்கு நான் யார்? நீங்கள் பெயர் கேட்கிற மாதிரி எனக்குக் கேட்கத் தெரியாது. கையும் இப்போது சற்று நடுங்கும். அவளிடம் முதலில் சொல்லுங்கள், இந்தக் கிழவன்தான் உங்கள் இடத்தைக் கூட்டத்தில் சொன்னவன் என்று. தெரிந்த பிறகும் அவள் சம்மதித்தால் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பாலத்தடியில்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அங்கே வைத்தே கேட்டுவிடுகிறேன்.

லூசியன்

~

சார்செல்
9.12.2024

லூசியன் அண்ணைக்கு,

நேற்று நீங்கள் குனிஞ்சு எனக்கும் ஒண்டு வேணுமோ எண்டு கேட்டியள். வேண்டாம் எண்டு நான் டக்கெண்டு சொன்னதில உங்கட முகம் வாடிப்போட்டுது. அது உங்களில உள்ள கோபம் இல்லை. அதைச் சொல்லத்தான் இண்டைக்கே எழுதுறன். இனி நான் தைக்கிற பூவைக் காசில்லாமல் குடுக்கலாம் எண்டு நீங்கள் சொன்னதும் சரி. ஊர்த் தாய்மாருக்கு வேற வழி பார்க்கலாம். மகாலிங்கம் அண்ணையோட கதைச்சிருக்கிறன்.

உங்கட கை நடுங்கினதால மகள்தான் உங்கட விரலைப் பிடிச்சு ஊசியை ஏத்தினவள். அதை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள், பிரெஞ்சில. உங்களை அவளுக்குப் பிடிச்சிருக்கு.

நீங்கள் போன பிறகு கார் து நோர் ஸ்ரேசனில றெயின் ஏறினம். சனம் குறைவு. யன்னலுக்கு வெளியில ஒண்டும் தெரியேல்லை, வெறும் பனிப்புகார். லைட்டுகள் மட்டும் மிதந்து மிதந்து போகுது. மகள் என்ர தோளில சாய்ஞ்சுகொண்டு, அப்பா எப்பிடி ஆள் எண்டு கேட்டாள். இவ்வளவு காலமும் அவள் கேட்டதில்லை. கேட்டால் நான் எழும்பிப் போடுவன் எண்டு தெரியும் அவளுக்கு.

நான் சொல்லத் தொடங்கினன். பகிடி சொல்லப் போனால் சொல்லி முடிக்க முதலே தானே சிரிச்சிடுவார் எண்டன். சேட்டுப் பொத்தானை எப்பவும் மாறிப் பூட்டுவார் எண்டன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது, எனக்கே மறந்துபோனதெல்லாம். அவளும் சிரிச்சாள், நானும் சிரிச்சன். முன் சீற்றில இருந்த ஒரு மனிசி திரும்பிப் பார்த்திட்டுத் தானும் சிரிச்சா, ஏனெண்டு தெரியாமலே. சார்செல் வந்ததும் தெரியேல்லை, போனதும் தெரியேல்லை. றெயின் நிண்டு எல்லாரும் இறங்கேக்கதான் பார்த்தம், பேர் தெரியாத ஒரு ஸ்ரேசன். சுத்திவர வயல். திரும்பிப் போற றெயினுக்கு நேரம் கிடந்தது.

ஸ்ரேசன் வாங்கில இருந்தம். என்ர சால்வையை ரெண்டுபேரும் போர்த்துக்கொண்டம். இன்னும் சொல்லுங்கோ எண்டாள், தமிழில.

அவளை நித்திரையாக்க அவர் பாடுற பாட்டைச் சொன்னன். பிள்ளை முழிச்சுக் கிடக்க, பாடுற ஆள் நித்திரையாப் போறதைச் சொன்னன். இந்தக் கதையை நான் மாமிக்கும் மச்சாளுக்கும் போனில எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறன். எப்பவும் ஒரே மாதிரித்தான் சொல்லுவன்: அவர் பாடுவார். நாளைக்கும் பாடுற ஆள் மாதிரி.

நேற்று என்ர வாயில, அப்பா உனக்குப் பாடினவர் எண்டு வந்திட்டுது.

மகளுக்கு அது கேட்டது. தலையைத் தூக்கி என்ர முகத்தைப் பார்த்தாள். நான் திருத்தேல்லை.

சிவமணி